தலைக்காசு

தேர்தல் அறிவித்த மறுநாளே கொழும்புக் கட்சிகளுக்குப் பதுளைத் தோட்டங்கள் மேல் பாசம் பொங்கிவிடும். பட்டியலில் இரண்டு மூன்று தமிழ்ப் பெயர்கள் ஏறும். அந்த ஆளுக்கு என்ன தெரியும், இதுவரை என்ன செய்தார் என்பதெல்லாம் தேவையற்ற விசாரணை. பெயர் தமிழாக இருக்க வேண்டும். லயத்து வாசலில் நின்று "நம்ம சனம்" என்று தொண்டை கரகரக்கச் சொல்ல வரவேண்டும். பின்னால் தொழிற்சங்கச் சந்தா கட்டும் ஆட்கள் சில ஆயிரம் இருந்தால் இன்னும் விசேஷம். அவர் வென்றாலும் தோற்றாலும் அந்த வாக்குகள் கட்சியின் கணக்கில் சேர்ந்துவிடும். அந்தக் காலத்தில் ஆள் கட்டிக் கொண்டுவந்த பெரிய கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு கிடைத்தது. பிற்காலத்தில் இராஜாங்க அமைச்சு கிடைத்தது.

2014 செப்டெம்பர் 20 அன்று ஊவா மாகாண சபைத் தேர்தல். வெற்றிலைச் சின்னத்துக்கு வாக்குக் கேட்டு வந்தவரும் நம்ம ஆளு, யானைச் சின்னத்துக்குக் கேட்டு வந்தவரும் நம்ம ஆளு. பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களுக்கு மேலே நின்ற மலை மட்டும் யாருடைய ஆளும் இல்லை. அது சரியக்கூடிய இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கைக்கு இனம் கிடையாது; ஆகவே வாக்கும் கிடையாது.

வாக்களித்து 39ஆம் நாள், ஒக்டோபர் 29 காலையில், மலை இறங்கி வந்தது. உள்ளே எத்தனை பேர் என்று கேட்டால் ஒவ்வோர் அதிகாரியும் ஒவ்வோர் எண் சொன்னார். விருப்பு வாக்கை ஒன்றுகூடத் தவறாமல் எண்ணிய மாவட்டத்தில், மண்ணுக்குள் போனவர்களை எண்ணத் தெரியவில்லை. தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் பாயை விரித்துக்கொண்டு புது வீட்டுக்காகக் காத்துக் கிடந்தார்கள்.

"தோட்டத்துத் தமிழர் இனம் பார்த்துத்தானே போடுகிறார்கள்" என்று கொழும்பில் முகம் சுளிக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஐயா, பாடம் சொல்லிக்கொடுத்தது யார்? 1947 தேர்தலில் தோட்டத்துத் தமிழரின் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சில ஆசனங்களை வென்றது. அந்தக் குற்றத்துக்கு 1948இல் குடியுரிமை போனது, அடுத்த வருடம் வாக்கும் போனது. 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் இருவரும் உட்கார்ந்து 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பங்கு பிரித்தார்கள். பங்குபோடப்பட்டவர்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2019இல் கோட்டாபய ராஜபக்ச ருவன்வெலிசாயவில் ஜனாதிபதியாகப் பதவியேற்று, சிங்கள மக்களின் வாக்கால்தான் வென்றேன் என்று உலகறியச் சொன்னார். அது தேசபக்தி. கொழுந்து பறிக்கும் ஒருத்தி "நம்ம ஆளுக்குத்தான் போட்டேன்" என்றால் மட்டும் இனவாதம்!

அவள் போட்ட வாக்கு எங்கே போனது என்பதுதான் வயிறெரியும் கதை. மாவட்டத்தில் ஐந்தில் ஒருவர் தமிழர். 2010இல் நம்ம ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று, பதுளையிலிருந்து ஒரு தமிழரும் பாராளுமன்றம் போகவில்லை. ஒற்றுமை என்பது எப்போதும் சனத்துக்குச் சொல்லும் புத்திமதி. 2020இல் எதிரணிப் பட்டியலில் தெரிவான அ. அரவிந்தகுமார், இரண்டு மாதம் முடிந்த கையோடு கோட்டாபயவின் 20ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குக் கை உயர்த்தினார். சிங்கள வாக்கால் மட்டுமே வென்றேன் என்றவருக்குத் தோட்டத்து வாக்கும் இனாமாகப் போய்ச் சேர்ந்தது. 2022இல் அவர் இராஜாங்க அமைச்சர்.

2024இல் சனம் சலித்துப்போய்ப் பழைய தலைகளைத் தள்ளிவிட்டு, தேசிய மக்கள் சக்தியிலிருந்து கிட்ணன் செல்வராஜையும் அம்பிகா சாமுவேலையும் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. நல்லது. ஆளும் கட்சியிலேயே இரண்டு தமிழ் உறுப்பினர்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தது. பதுளையில் மலைகள் மறுபடி சரிந்தன.

ஊவா மாகாண சபை 2019இல் காலாவதியானது. என்றைக்காவது அதற்குத் தேர்தல் வைத்தால் நம்ம ஆளு மாலையோடு ஏறி வருவார். வரட்டும். பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் மலையைக் காட்டி, "இதுக்கு என்னா செஞ்சீங்க?" என்று கேட்போம். அவர் என்ன இனம் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.