ஆளுங்கட்சியின் தயவில் ஓர் எதிர்க்கட்சி

ஆடித்தபசு அன்று சங்கரன்கோவில் தெற்கு ரத வீதியில் எள் விழ இடமிருக்காது. சிவனும் திருமாலும் ஒரே மேனியில் ஆளுக்குப் பாதியாக நிற்கும் காட்சியைக் காணக் கோமதியம்மனே தவமிருக்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டு வாக்காளருக்கு அந்தச் சிரமமெல்லாம் இல்லை. ஆளுங்கட்சி ஒரு பாதி, எதிர்க்கட்சி மறுபாதி என்ற திருக்காட்சியைச் சட்டமன்றம் பலமுறை இலவசமாகவே காட்டியிருக்கிறது.

1991இல் அ.தி.மு.க.வுக்கு 164 இடம். அதே மேடையில் நின்று ஓட்டுக் கேட்ட காங்கிரசுக்கு 60. தி.மு.க.வுக்கு வெறும் 2. அதிலும் கருணாநிதி விலகிவிட, மிஞ்சியவர் பரிதி இளம்வழுதி. எதிர்க்கட்சித் தலைவர் யார்? காங்கிரசின் எஸ்.ஆர். பாலசுப்பிரமணியம்! 1996இல் கொடி மாறியது, கூத்து மாறவில்லை. தி.மு.க.வின் கூட்டாளியான த.மா.கா.வுக்கு 39 இடம், சோ. பாலகிருஷ்ணன் எதிர்க்கட்சித் தலைவர். அந்தத் தேர்தலில் ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார். அ.தி.மு.க. தப்பித்த 4 தொகுதிகளில் ஒன்று எங்கள் சங்கரன்கோவில். எதிர்த்து நின்று ஜெயித்த எங்கள் ஊர் சொ. கருப்பசாமிக்குக் கிடைத்தது ஒரு இருக்கை. நாற்காலி, அந்தஸ்து, அலுவலர்கள் எல்லாம் ஆட்சியைப் பிடித்தவரின் சம்பந்தி வீட்டுக்கே போயின. பின்னாளில் சம்பந்திகள் முறுக்கிக்கொண்டது வேறு கதை.

நாற்காலியை விடுங்கள். எனக்கு வயிறெரிவது அலுவலர்களை நினைத்துத்தான். மானியக் கோரிக்கை அன்று கொள்கை விளக்கக் குறிப்பு கைக்கு வந்த சூட்டோடு விவாதம் தொடங்கிவிடும். அமைச்சருக்குப் பின்னால் செயலாளர் முதல் பிரிவு அலுவலர் வரை ஒரு துறையே துண்டுச்சீட்டோடு காத்திருக்கும். விசைத்தறிக்கான மின்கட்டணத்தை எந்தக் கணக்கில் உயர்த்தினீர்கள் என்று கேட்க வேண்டிய உறுப்பினர், முந்தைய நாள் பேப்பரைக் கிழித்து வைத்துக்கொண்டு எழுந்து நிற்பார். கணக்குப் போட்டுத் தர அவருக்கு ஆள் ஏது? அரசியல் சட்டத்தின் 187ஆவது பிரிவு சட்டமன்றத்துக்குத் தனிச் செயலகம் வேண்டும் என்கிறது. அந்தச் செயலகத்தில் சிறுபான்மைக் கட்சிக்காக உழைக்க ஒருவர் வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 1929ஆம் ஆண்டுச் சம்பளச் சட்டத்தின்படி சிறுபான்மைக் கட்சிக்கென்றே ஆறு அலுவலர் பதவிகள் உண்டு. ஆட்களின் பெயரைச் சிறுபான்மைக் கட்சி சொல்லும், சபை தீர்மானம் போட்டு ஏற்கும், சம்பளம் பொதுப்பணம். பிரிட்டன் 1975இலிருந்து எதிர்க்கட்சிகளின் நாடாளுமன்றப் பணிக்கு அரசுப் பணம் தருகிறது. நாம் வெள்ளைக்காரனிடமிருந்து செங்கோலையும் சபாநாயகரையும் வாங்கிக்கொண்டோம். இந்தச் சில்லறையை மட்டும் அவனிடமே விட்டுவிட்டோம்.

2011இல் அடுத்த காட்சி. அ.தி.மு.க.வின் தோளேறி 29 இடம் வென்ற தே.மு.தி.க., 23 பெற்ற தி.மு.க.வை முந்தியது. விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவர். அவர் நிஜமாகவே எதிர்க்கத் தொடங்கியதுதான் குற்றம். 2012 பிப்ரவரியில் பால் விலை, பஸ் கட்டணத்தில் தொடங்கிய வாக்குவாதம், முடிந்தால் சங்கரன்கோவில் இடைத்தேர்தலில் ஜெயித்துக் காட்டுங்கள் என்ற முதல்வரின் சவால் வரை போனது. விஜயகாந்துக்கு 10 நாள் இடைநீக்கம். எங்களுக்கோ யோகம்! இடைத்தேர்தலுக்காக அமைச்சர் பட்டாளமே ஊருக்குள் முகாமிட்டது. தறியை நிறுத்திய மின்வெட்டைக் கேட்க நாதியில்லாத தெருக்களில் சைரன் கார்கள் வரிசைகட்டின. மார்ச் 18 வாக்குப்பதிவு. அ.தி.மு.க. 68 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றது. கூடங்குளம் அணுஉலைக்கு அமைச்சரவை பச்சைக்கொடி காட்டியதோ மார்ச் 19. எங்கள் விரலில் மை காயவில்லை.

டெல்லி இன்னும் சுத்தம். எதிர்க்கட்சித் தலைவரின் சம்பளம் பற்றிய 1977ஆம் ஆண்டுச் சட்டத்தில், சபை இடங்களில் பத்து சதவீதம் வேண்டும் என்ற பேச்சே கிடையாது. ஆனாலும் 2014இல் 44 பேர் போதாது, 55 வேண்டும் என்று காங்கிரசுக்கு அந்தப் பதவியை மறுத்தார்கள். பத்து வருடம் மக்களவை எதிர்க்கட்சித் தலைவர் இல்லாமலே நடந்தது.

சென்னையில் அதே பத்து சதவீதக் கத்தி வேறு விதமாக இறங்கியது. 2016 பிப்ரவரி 21 அன்று தே.மு.தி.க. உறுப்பினர்கள் எட்டுப் பேர் ஒரே மூச்சில் ராஜினாமா செய்தார்கள். எண்ணிக்கை 24க்குக் கீழே போனது. விஜயகாந்தின் பதவி பறிபோனது. அந்தப் பதவிக்கென்று தந்த அலுவலர்களைத் திரும்ப வாங்கி எந்தத் துறையில் போட்டீர்கள் என்று சபையில் எழுந்து கேட்கக்கூட அப்போது எதிர்க்கட்சித் தலைவர் என்று ஒருவர் இருக்கவில்லை.