தாயத்து யாருக்கு, மாப்ள?

வா மாப்ள, திண்ணையில உக்காரு. திருப்பூர்லேருந்து வந்ததும் வராததுமா புள்ளைக்குத் தாயத்து மந்திரிச்சுக் கட்டணும்ங்குற. மூணு வயசுப் பய உருண்டு பொரளுறான், கடிக்கிறான், காத்துக் கருப்பு அடிச்சிருக்கும்ங்குற. அடிச்சிருக்கும்தான். ஆனா புள்ளைய இல்ல.

நேத்து திருவையாறு பஸ் ஸ்டாண்டுல பாத்துக்கிட்டுத்தானே நின்னேன். பய பொம்மைக் கார் கேட்டான். நீ கூடாதுன்ன. சிணுங்குனான், மறுபடியும் கூடாதுன்ன. தரையில விழுந்தவன், ஒரு கண்ணை மூடி மறு கண்ணால உன் மொகத்தை நோட்டம் பாத்தான் பாரு, அடடா! அதுக்கப்புறம்தான் உச்சஸ்தாயிக்குப் போனான். நாலு பேரு திரும்பிப் பாத்ததும் நீ பர்ஸை எடுத்துட்ட. நம்ம தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைகூடத் தட்டுனாத்தான் ஆடும். நீ சத்தம் கேட்டாலே ஆடுற. இனி அவன் சிணுங்கி நேரத்தை வீணாக்குவானா? நேரா தரைதான். வெவரமான பய, எங்க அக்கா வம்சம்.

குடுக்கிறதுன்னா கேட்டதுமே குடுத்துரு. இல்லைன்னா உருளட்டும்; தலை இடிபடாம பக்கத்துல நில்லு, வாயைத் தொறக்காத. ஓஞ்சதும் தூக்கித் தண்ணி குடு. சொல்லத் தெரியாத கோவம் இந்த வயசுல கை கால்லதான் வரும். பேச்சு தெளியத் தெளிய அடங்கும்.

உன் பொண்டாட்டி சொம்புல போனைச் சாய்ச்சு வச்சுச் சோறூட்டுது. படம் ஓடுனா வாய் தொறக்குது, விளம்பரம் வந்தா மூடிக்குது. உள்ள போறது பருப்பா ரசமான்னு பயலுக்கே தெரியல. ரெண்டுலேருந்து நாலு வயசுப் புள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல திரை கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2019லயே சொல்லிருச்சாம். அங்கன்வாடி டீச்சர் சொல்லுச்சு. மூணு வயசுக்காரன் பகல் தூக்கத்தையும் சேத்து 10லேருந்து 13 மணி நேரம் தூங்கணுமாம். உன் புள்ள நடுராத்திரி வரைக்கும் உன்கூட ரீல்ஸ் பாக்குறான். காலையில கடிக்காம என்ன செய்வான்? எனக்கே கடிக்கத் தோணுது, பல்லு இல்லாததால தப்பிச்ச.

மேட்டூர் தொறந்து வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சு, குறுவை நடவு நடக்குது. வரப்புல விடு, சேத்துல பொரளட்டும். ஆளு கூடவே நிக்கணும். வாய்க்காலுக்குப் புள்ள, பெரியாள்னு தெரியாது.

படுக்கைய நனைக்கிறதும் தம்பிப் பாப்பா பொறந்த பொறவுதானே? அதுக்கு எதுக்கு மந்திரிப்பு? ராத்திரியில கொஞ்ச நேரம் பெரியவனைத் தனியா மடியில போட்டுக்கச் சொல்லு. அதட்டாத. திங்கலைன்னா டாக்டர் ஊசி போட்டுருவார்னு நீயே மெரட்டுற, அப்புறம் ஆஸ்பத்திரி வாசல்லயே அலறுறான்னு அங்கலாய்க்குற!

கேலி இருக்கட்டும், இதைக் காதுல வாங்கு. பேரு சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பாத புள்ள, ரெண்டு வயசு முடிஞ்சும் ரெண்டு வார்த்தை சேத்துப் பேசாத புள்ள, பேசிக்கிட்டிருந்து நிப்பாட்டிட்ட புள்ள, இதுங்களுக்கு என் வைத்தியம் செல்லாது. 'அவன் அப்பனே அஞ்சு வயசுலதான் பேசுனான்'னு கிழவிங்க சொல்லுவாளுவ, கேட்டுக்கிட்டு உக்காந்துராத. 2013லேருந்து ஆர்.பி.எஸ்.கே.ன்னு ஒரு திட்டம் இருக்கு. டாக்டர் குழு வருஷத்துக்கு ரெண்டு தரம் அங்கன்வாடிக்கே வந்து பாக்கும். சந்தேகம்னா மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவாங்க. காசு கிடையாது.

உன் பயலுக்கு அந்தக் கவலை இல்ல. வந்ததுலேருந்து என்னை 'ஏ கிழவா'ன்னுதான் கூப்பிடுறான். ஊருக்குத் திரும்புற வரைக்கும் உங்க ரெண்டு பேரு போனும் என் வெத்தலைப் பெட்டியில இருக்கட்டும். இப்படிக் குடு.