கசியும் ஏர் கன்: பழுது பார்த்தலா, புதிது கொள்ளலா? – ஓர் ஆய்வு

மரவேலைப் பட்டறைகளில் ஏர் கன் என வழங்குவதும், பிளைவுட்டில் 10 முதல் 30 மி.மீ. வரை நீளமுள்ள ஆணிகளை அறைவதுமாகிய எஃப்-30 என்னும் கருவி காற்றுக் கசியத் தொடங்கினால் யாது செய்வது என்னும் வினா, முறையான ஆய்வுக்கு இதுகாறும் உட்படவில்லை. ஆசாரிகள் அரை மணி நேரத்தில் விடை கண்டுவிடுவதே இக்குறைக்குக் காரணம்.

கசிவு மூவகைத்து. விசையைத் தொடாதபோதே மேல்மூடியருகே சீறுவது தலைக்கசிவு. தலை வால்வின் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் தேய்ந்தமையால் வருவது. விசையடியில் சீறுவது இடைக்கசிவு. ஆணி புறப்படும் மூக்கில் சீறுவது கடைக்கசிவு. பிஸ்டன் வளையமோ பம்பர் ரப்பரோ போயிருக்கும். குழாய் மாட்டும் திருகில் கசிந்தால் டெஃப்லான் டேப் சுற்றுக. அது ஆய்வுப்பொருள் ஆகாது.

கழற்றிய கருவியைத் திரும்பப் பூட்டியபின் மேசைமேல் ஒரு வளையம் எஞ்சும். இவ்வாய்வின் உயிர்நிலை இதுவே. அவ்வளையம் பிற்காலத்தார் நுழைத்தது என்பர் இடைச்செருகல் கட்சியார். அது இன்றியும் கருவி கூடிவிட்டமை அவர்தம் அகச்சான்று. மூலத்திலேயே இருந்தது என்பர் மறுகட்சியார். கூடிய கருவி முன்னிலும் மிகச் சீறுதல் அவர்தம் புறச்சான்று. பெட்டியோடு வந்த பாகப்படத்தின் எண்ணெய் படிந்த மூலையில் மங்கலான வட்டம் ஒன்று உண்டு. அது வளையமே என ஓர் உரையும், டீ டம்ளர் வைத்த தடம் என மற்றோர் உரையும் உள. இரண்டையும் மறுத்து, 'வளையம் கம்ப்ரசருடையது' எனப் பெயர் தெரியாத உரைகாரர் ஒருவர் செல்லரித்த ஏட்டில் எழுதியிருந்ததை, அவ்வேட்டைக் கண்டவரைக் கண்ட ஒருவர் தம் அச்சேறாத நூலின் சிறப்புப்பாயிரத்தில், தம்மைத் தாமே மேற்கோள் காட்டி நிறுவியுள்ளார். ஒரு கட்சியார் நடத்தும் கருத்தரங்குக்கு மறுகட்சியார் போவதில்லை. இரு தரப்பிலும் ஆலன் கீ பிடித்தவர் இல்லை.

ரப்பர் வளையத்தை ஆராய்ந்தோருள் ரிச்சர்ட் ஃபெய்ன்மனும் ஒருவர். சேலஞ்சர் விண்ணோடம் சிதறியதை 1986இல் விசாரித்த குழுவில் இருந்த அவர், கிடுக்கியில் நெரித்த ஓ-ரிங் துண்டை ஐஸ் தண்ணீரில் முக்கியெடுத்து, குளிரில் அது சட்டென்று பழைய வடிவுக்கு மீளாததைக் காட்டினார். அடிக்குறிப்பு இல்லை, நெறியாளர் கையொப்பம் இல்லை. நம் பல்கலைக்கழகங்களில் இதற்கு எம்.ஃபில்.கூடக் கிடைத்திராது.

முடிபு வருமாறு: வளையம் தேய்ந்திருந்தால் ஓ-ரிங் செட் வாங்கி மாற்றுக, புதுக் கருவியின் விலையில் அது சிறு பங்கே. சிலிண்டரின் உட்சுவரில் கீறல் விழுந்திருந்தால் புதிது கொள்க. கீறல் புது வளையத்தையும் தின்றுவிடும். நாள்தோறும் வேலைக்கு முன் காற்று வாயில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டிருந்தால் இவ்வாய்வுக்கே இடமிராது. ஆகலின் ஆய்வாளர் எவரும் இதனைப் பரிந்துரைப்பதில்லை.

புறனடை: எம்முடிபுக்கு வரினும், கருவியைத் திறக்குமுன் காற்றுக் குழாயைக் கழற்றிவிடுக. இவ்விதிக்கு மறுப்புரை எழுதியோர் அனைவரும் இடக்கையால் எழுதியுள்ளனர்.