சாம்பல் பொத்தான்

2005-இல் பெரியப்பாவின் வில்லுப்பாட்டுக் கேசட்டுகளைக் கணினியில் ஏற்ற உட்கார்ந்தேன். அறுபது நிமிடக் கேசட் என்றால் அறுபது நிமிடமும் ஓடித்தான் தீரும். ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளில் பதிந்து, இரைச்சலைக் குறைத்து, கொடைவிழா மைக்காரரின் "ஹலோ ஹலோ"வை வெட்டியெறிந்து, ராத்திரி பதினொரு மணிக்கு எம்பி3 ஆக்கச் சொன்னேன். 'லேம்' கோப்பு எங்கே இருக்கிறது, காட்டுகிறாயா என்று அது நிதானமாகக் கேட்டது.

எனக்கு எப்படித் தெரியும்? பந்தி உட்கார்ந்த பிறகு, இலை வாங்கி வந்தீர்களா என்று சமையல்காரர் கேட்ட மாதிரி இருந்தது.

அதன் மேல் குற்றமில்லை. எம்பி3-க்குக் காப்புரிமை இருந்த காலம். ஒலியை எம்பி3 ஆக்கும் என்கோடர்தான் லேம்; இலவச மென்பொருள் அதையும் சேர்த்துக் கொடுத்தால் வம்பு. ஆகவே நாமே தேடி இறக்கிக்கொள்ள வேண்டும். 'லேம்' என்ற பெயரின் விரிவே 'லேம் ஓர் எம்பி3 என்கோடர் அல்ல' என்பதுதான். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு நொண்டி என்று பொருள். நம் ஊர் நொண்டிச்சாக்கு ஞாபகத்துக்கு வந்தது. மறுநாள் பிரவுசிங் சென்டருக்குப் போய், ஃபிளாப்பியில் அதை அடக்கிக்கொண்டு வந்து காட்டினேன். அதற்கப்புறம் கேட்கவே இல்லை.

2017 ஏப்ரலில் எம்பி3 உரிம ஏற்பாடு முடிவுக்கு வந்தது. 2019-இல் 2.3.2 பதிப்போடு லேம் ஆடாசிட்டிக்குள்ளேயே குடியேறியது. 

இப்போது நானே நிரல் எழுதுகிறவன். பழைய புத்தகங்களின் ஸ்கேன் படங்களை எழுத்தாக மாற்ற, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருக்குச் சின்னதாக ஒன்று செய்து கொடுத்தேன். உள்ளே உழைப்பதெல்லாம் டெசராக்ட் என்ற எழுத்துணரி மென்பொருள். வெளியே பெயர் எனக்கு. டெசராக்டை நிறுவினால் மட்டும் தமிழ் வந்துவிடாது, தமிழுக்கான தரவுக் கோப்பும் வேண்டும். என் கணினியில் இருந்தது. அவருடையதில் இல்லை. பிழைச் செய்தி பார்த்தால் வயதானவர் மிரண்டுவிடுவாரே என்று, வரும் பிழைகளையெல்லாம் நிரலே சத்தமில்லாமல் விழுங்கும்படி எழுதியிருந்தேன். கருணைதான்.

"தம்பி, இருநூறு பக்கமும் வெறும் தாளா வருதே!"

எந்தெந்த மொழி இருக்கிறது என்று டெசராக்டிடம் கேட்க ஒரே கட்டளை போதும். அதை, நிரல் திறந்ததுமே கேட்டிருக்க வேண்டும். இருநூறு பக்கத்தை மென்ற பிறகு அல்ல. வெட்கத்தோடு திருத்தினேன். தமிழ் இல்லையென்றால் பொத்தான் சாம்பல் நிறமாகி, அமுங்காது. பெரிய நிறுவனங்களே அப்படித்தானே செய்கின்றன!

"பொத்தான் வெளிறிப்போய்க் கிடக்கு தம்பி. காசு ஏதும் கட்டணுமா?"

பொத்தானையே மறைத்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன். அப்புறம் இன்னார் வரவில்லை என்று பேர் சொல்லிச் சொன்னால்தான் தேடிப்போக முடியும் என்று உறைத்தது. பொத்தானுக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'தமிழ்த் தரவுக் கோப்பு இல்லை. எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள்.'

அன்று சாயங்காலமே அழைப்பு வந்தது.

"எங்க இருக்குன்னு என்னையே கேக்குது தம்பி. எனக்கு எப்படித் தெரியும்?"