நீங்க முன்னாடி போங்க!

கேள்வி: இணையத்திலும் முன்னுரிமை குறைந்த பயணிகள் உண்டாமே? – வாசகர், செங்கல்பட்டு

பதில்: உங்கள் ஜங்ஷனில் பார்த்திருப்பீர்களே. லோக்கலும் பாண்டியன் எக்ஸ்பிரஸும் போகும்வரை லூப் லைனில் கொட்டாவி விட்டபடி நிற்கும் கூட்ஸ்! மென்பொருள் அப்டேட், போட்டோ பேக்கப் எல்லாம் அந்த ரகம். ஒரே வித்தியாசம், கூட்ஸை ஓரங்கட்டுவது ரயில்வே. இங்கே தரவைச் சுமக்கும் பாக்கெட்டே ‘நான் கடைசி’ என்று நெற்றியில் எழுதிக்கொண்டு கிளம்பும். அதற்கான எண்ணை 2019-இல் வந்த இணைய நெறிமுறை ஆவணமான ஆர்.எஃப்.சி. 8622 ஒதுக்கியது. சாதாரண பாக்கெட்டுக்கு 0, கடைசி ஆளுக்கு 1. பொறியாளர்களின் குசும்பு!

கேள்வி: வழிவிட்டே பட்டினி கிடந்து செத்துவிடாதா? – வாசகர், மாமல்லபுரம்

பதில்: சாகலாம், விதியே அனுமதிக்கிறது. நெரிசலில் இவற்றுக்கு ஒரு துளி அலைவரிசைகூடத் தர வேண்டியதில்லை. அதனால் கெடு உள்ள எதிலும் அந்த எண்ணை ஒட்டக்கூடாது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் உங்கள் ஊரருகே கரையேறியபோது, சீறும் கடலை எடுத்த வீடியோ மறுநாள் ஏறினால் போதும். அம்மாவுக்கு ‘பத்திரமா இருக்கேன்’ என்பது அப்போதே போயாக வேண்டும்.

கேள்வி: எங்கள் ஹாஸ்டல் ரவுட்டர் எந்த எண்ணையும் மதிப்பதாகத் தெரியவில்லையே? – மாணவி, பொத்தேரி

பதில்: அதற்குத்தான் லெட்பேட் என்று ஒரு முறை. அனுப்பும் மென்பொருளே, பாக்கெட் போய்ச்சேரும் நேரத்தை அளந்துகொண்டிருக்கும். நேரம் கூடினால் வழியில் வரிசை வளர்கிறது என்று புரிந்துகொண்டு வேகத்தைக் குறைக்கும். இணையத்தின் வழக்கமான அனுப்பும் முறையான பழைய டி.சி.பி. அப்படியல்ல, பாக்கெட் தொலைந்த பிறகே விழிக்கும். லெட்பேட் தன்னால் ஏற்படும் தாமதத்துக்கு வைத்துக்கொள்ளும் இலக்கு 100 மில்லி செகண்டைத் தாண்டக்கூடாது என்கிறது 2012-இன் ஆர்.எஃப்.சி. 6817. இதைப் பரவலாக்கியது யார் தெரியுமா? கோப்புப் பகிரும் பிட்டோரன்ட்! இணைப்பை அடைக்கிறார் என்று ஊரே திட்டிய ஆள்தான் ஒதுங்கி நின்றார். அந்தப் பவ்யத்திலும் ஒரு ஓட்டை உண்டு: தாமதமாக வந்து சேரும் இணைப்பு, ஏற்கெனவே இருக்கும் வரிசையையே இயல்பு நிலை என்று நினைத்து, முன்னால் வந்தவரின் பங்கையும் விழுங்கிவிடும்.

கேள்வி: எது முக்கியம் என்பதை இணைப்பு தரும் கம்பெனியே முடிவு செய்துவிட்டால் என்ன? – வாசகர், மறைமலை நகர்

பதில்: தானாக ஒதுங்குவது வேறு, பிடித்து ஒதுக்குவது வேறு. பின்னதில் சில்லறை புகுந்துவிடும். உள்ளடக்கத்தைப் பார்த்துக் கட்டணத்தில் பேதம் காட்டக்கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பிப்ரவரியில் தடுத்தது. வேகத்திலும் அந்தப் பேதம் கூடாது என்று 2018-இல் தொலைத்தொடர்புத் துறை சொன்னது. நியாயமான நெரிசல் மேலாண்மைக்கு விலக்கு உண்டு. ‘நியாயமான’ எது என்பதற்கு வக்கீல்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: என் போட்டோ பேக்கப் வாரக்கணக்கில் ‘காத்திருக்கிறது’ என்றே காட்டுகிறதே? – வாசகி, திருக்கழுக்குன்றம்

பதில்: வைஃபையும் சார்ஜரும் சேர்ந்தால்தான் கிளம்புவேன் என்று செட்டிங்கில் இருக்கும். இரண்டையும் கொடுத்துவிட்டுத் தூங்குங்கள்.