இலை சிவக்கும் காலத்தில் இருசக்கர ஓய்வூதியர்

பணி ஓய்வுக்குப் பின் மனிதர் மேற்கொள்ளும் காரியங்களை ஆராய்வோர், தனியாக மோட்டார் சைக்கிளில் நெடும்பயணம் செல்வதைத் தனியொரு வகையாகவே வைத்து எண்ண வேண்டியிருக்கிறது. ஏனெனில் தோட்டம் போடுவதற்கும் பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வருவதற்கும் வீட்டாரின் ஒப்புதல் கேளாமலே கிடைத்துவிட, இதற்கு மட்டும் இதய மருத்துவர், காப்பீட்டு முகவர், பிள்ளைகள், இறுதியாக மனைவி எனப் பல படிகளில் கோப்பு மேலேறி வர வேண்டும். அமெரிக்காவில் இத்தகைய பயணத்துக்குப் பேர்போன சாலைகளுள் முன்னணியில் நிற்பது புளூ ரிட்ஜ் பார்க்வே. பார்க்வே என்பது, ஊர் போய்ச் சேர்வதைவிட வண்டி ஓட்டிச் செல்வதையே நோக்கமாகக் கொண்டு, சரக்கு லாரிகளையும் விளம்பரப் பலகைகளையும் விலக்கி, மலைக்காட்சி தெரியும்படி வளைத்து வளைத்து அமைக்கப்பட்ட சாலை. வர்ஜீனியா மாநிலத்து ராக்ஃபிஷ் கேப் கணவாயில் தொடங்கி, அப்பலாச்சியன் மலைத்தொடரின் முகடுகளை ஒட்டி 469 மைல், அதாவது ஏறத்தாழ 755 கிலோமீட்டர் ஓடி, வட கரோலினாவின் செரோக்கி ஊரருகே அது முடிகிறது. மணிக்கு 45 மைலுக்கு மேல் செல்ல அங்கு அனுமதி இல்லை. 1935இல் தொடங்கிய கட்டுமானம் 1987இல்தான் நிறைவெய்தியது என்பதையும், அந்த 52 ஆண்டுகளில் ஒருவர் வேலைக்குச் சேர்ந்து, பதவி உயர்ந்து, ஓய்வு பெற்று, அதன் பின்னும் சில ஆண்டுகள் வீட்டில் இடைஞ்சலாக இருந்திருக்க முடியும் என்பதையும் நோக்க, அச்சாலை யாருக்காகக் கட்டப்பட்டது என்பதில் ஐயம் எழ இடமில்லை.

அக்டோபரில் அங்கே கூட்டம் கூடுவதற்குக் காரணம் இலைகள். அவை ஏன் நிறம் மாறுகின்றன என்பதற்குத் தாவரவியல் தரும் விளக்கத்தை ஓய்வூதியரைப் பற்றிய விளக்கமாகவும் படிக்கலாம். கோடை முழுவதும் இலைக்குள் பச்சையம் என்னும் நிறமி, ஒளியைக் கொண்டு மரத்துக்கு உணவு சமைக்கும் வேலையில் ஈடுபட்டிருக்கிறது; பகல் குறுகி இரவு குளிரத் தொடங்கியதும், மரம் அந்தப் பச்சையத்தைச் சிதைத்து, இலையில் முடங்கிக் கிடக்கும் சத்துகளில் முடிந்த மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு, காம்பு கிளையோடு சேரும் இடத்தில் ஒரு தடுப்புப் படலத்தை எழுப்பி இலையை விடுவிக்கத் தயாராகிறது. அப்போது ஹிக்கரி, டுலிப் பாப்லர் போன்ற மரங்களில் வெளிப்படும் மஞ்சள் புதிதாக வந்ததன்று. கரோட்டினாய்டு எனப்படும் அந்த நிறமிகள் இலை துளிர்த்த நாள் முதலே உள்ளிருந்தவை, வேலையின் மிகுதியால் வெளியே தெரியாமல் போனவை. இந்த உண்மை இன்னும் பிரிவுபசார விழாப் பேச்சாளர்களின் கையில் சிக்கவில்லை என்பது அவர்கள் பேச்சைக் கேட்க நேர்வோரின் நல்வினைப் பயன். சிவப்பின் கதையோ வேறு. செம்மேப்பிள், சவர்வுட் ஆகிய மரங்களின் சிவப்புக்குக் காரணமான ஆந்தோசயனின் என்னும் நிறமி, இலை உதிர்வதற்குச் சில வாரங்களே இருக்கும் நிலையில், கைவசமுள்ள சர்க்கரையைச் செலவிட்டுப் புதிதாகத் தயாரிக்கப்படுவது. உதிரப்போகும் ஒன்றுக்கு இவ்வளவு செலவு எதற்கு என்பதில் அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. சத்துகளைத் திரும்பப் பெற்று முடிக்கும் வரை இலையைக் கடும் ஒளியிலிருந்து காக்கும் திரை அது என்பர் ஒரு சாரார். மரத்தின் வலிமையைப் பூச்சிகளுக்கு அறிவித்து அவற்றை அண்டவிடாமல் செய்யும் விளம்பரம் அது என்பது, பரிணாம உயிரியலாளர் டபிள்யூ. டி. ஹாமில்டனின் பெயரோடு அவர் மறைவுக்குப் பின் 2001இல் வெளியான கருத்து. அறுபத்தைந்தாம் வயதில், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு கைக்கு வந்துவிட்ட துணிவில், சேமிப்பில் ஒரு பகுதியை எடுத்துச் சிவப்பு நிற மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்துபவரிடம் வீட்டார் கேட்பதும் இதே கேள்விதான். அங்கும் இரண்டு கோட்பாடுகள் உண்டு, அங்கும் முடிவு எட்டப்படவில்லை.

நிறம் மாறுவது எல்லா இடத்திலும் ஒரே நாளில் நிகழ்வதில்லை. சாலையின் மிகத் தாழ்ந்த பகுதி, ஜேம்ஸ் ஆற்றங்கரையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 650 அடி உயரத்தில் இருக்க, மிக உயர்ந்த பகுதியான ரிச்லண்ட் பால்சம் 6,053 அடியில் இருக்கிறது; ஆகவே உச்சியில் அக்டோபர் தொடக்கத்தில் தோன்றும் நிறம், நாளுக்கு நாள் சரிவில் இறங்கி, பள்ளத்தாக்கை எட்டுவதற்குள் மாத இறுதியோ நவம்பர் முதல் வாரமோ ஆகிவிடுகிறது. நாற்பது ஆண்டுகள் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்து, அதிலிருந்து தப்பிக்கவே சாலைக்கு வந்தவர், எந்த உயரத்தில் எந்தத் தேதியில் எந்த மரம் என்று கட்டம் போட்ட அட்டவணை தயாரித்து, அதனைப் பாலித்தீன் உறையிலிட்டு, பெட்ரோல் தொட்டியின் மேல் ஒட்டிக்கொள்வதைக் காணும்போது, ஓய்வு பெற்றது அலுவலகம்தானோ என்று எண்ணத் தோன்றுகிறது. சனி, ஞாயிறில் நெரிசல் என்பதால் செவ்வாய்க்கிழமையே பயணத்துக்கு உகந்தது என்பது இவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே கண்டுபிடித்து, பிறருக்குச் சொல்லாமல் காத்துவரும் இரகசியம். அதன் விளைவாகச் செவ்வாய்க்கிழமை காலைகளில் மலைக்காட்சி மேடைகள் எல்லாம் நரைத்த தாடிகளால் நிரம்பி வழிகின்றன.

ஆடை அணிதல் இப்பயணத்தின் மிகப் பெரிய உழைப்பு என்பதை, நூல்கள் போதிய அளவு வலியுறுத்துவதில்லை. ஆற்றங்கரையிலிருந்து உச்சிக்கு ஏறுகையில் வெப்பநிலை பத்து டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குறையக்கூடும். அதற்கு மேல், ஓடும் வண்டியில் எதிர்க்காற்று உடலின் சூட்டைப் பறிப்பதால், 5 டிகிரி என்று வெப்பமானி காட்டும் காலையில், 45 மைல் வேகத்தில் செல்பவரின் உடலுக்கு அது உறைநிலைக்கும் கீழாகவே தோன்றும். ஆகவே உள்ளே பனியன், அதன் மேல் கம்பளி, அதன் மேல் மின்சூட்டு மேற்சட்டை, அதன் மேல் முழங்கையிலும் தோளிலும் காப்புத் தகடு பொருத்திய ஜாக்கெட், மழை வந்தால் அதற்கும் மேல் ஒரு பிளாஸ்டிக் உடுப்பு என்று அடுக்கடுக்காக அணிந்து முடிக்கும்போது, காலைக் குளிரின் கடுமை பாதி தணிந்துவிடுகிறது. மின்சூட்டு மேற்சட்டை என்பது, துணிக்குள் மெல்லிய கம்பிகளை ஓடவிட்டு, வண்டியின் பேட்டரியோடு ஒரு வயரால் இணைத்துச் சூடேற்றிக்கொள்ளும் நவீன வசதி. இணைப்பைக் கழற்ற மறந்து, காட்சி மேடையில் கம்பீரமாக இறங்கி இரண்டடி வைத்த மனிதர், மூன்றாவது அடியில் இடுப்பில் இழுபட்டு, யாரும் பார்க்கவில்லை என்ற பாவனையில் வண்டியை நோக்கித் திரும்பி, அதன் ஒளிவிளக்கைப் பரிசோதிப்பதுபோல் குனிவது அப்பகுதியில் அரிய காட்சியன்று. இத்தனை அடுக்குகளுக்கும், புராஸ்டேட் சுரப்பி வீங்கத் தொடங்கும் வயதுக்கும் உள்ள முரண்பாட்டை விரித்துரைப்பது இக்கட்டுரையின் கண்ணியத்துக்கு ஏற்றதன்று. பெரும்பாலான காட்சி மேடைகளில் கழிப்பறை இல்லை என்ற செய்தியை மட்டும் பதிவுசெய்து மேலே செல்லலாம்.

வண்டியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நெடும்பயணத்துக்கென்றே செய்யப்படும் டூரிங் வகை மோட்டார் சைக்கிள்களில், 1975இல் அறிமுகமான ஹோண்டா கோல்ட் விங் வரிசையின் இன்றைய பெரிய வண்டி 380 கிலோவை ஒட்டிய எடை கொண்டது. சாய்வு நாற்காலிக்கு ஒப்பான இருக்கை, பாட்டுப் பெட்டி, கைப்பிடிச் சூடேற்றி அனைத்தும் அதில் உண்டு. 1988இல் அந்நிறுவனம் ஒருபடி மேலே சென்று, ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கொண்டே வண்டியைப் பின்னோக்கி நகர்த்தும் வசதியையும் சேர்த்தது. இருசக்கர வண்டிக்கு ரிவர்ஸ் எதற்கு என்று நகைத்தவர்கள், காட்சி மேடையின் கீழ்நோக்கிய சரிவில், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி முன்சக்கரத்தை நிறுத்தியதில்லை என்றே கொள்ள வேண்டும். அந்த வசதி இல்லாத வண்டியை அங்கிருந்து மேட்டில் பின்னுக்குத் தள்ள, இயற்கையை இரசித்துக்கொண்டிருக்கும் அந்நியர் இருவரின் உதவி தேவைப்படும். இவ்வகை வண்டிகள் பெரும்பாலும் வேகத்தில் கவிழ்வதில்லை. நின்ற இடத்தில், சரளைக் கல்லில் கால் வழுக்கி, மிக மெதுவாக, பார்வையாளர் அனைவரும் திரும்பிப் பார்க்கப் போதிய அவகாசம் அளித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து படுக்கின்றன. அதனைத் தூக்குவதற்கு, இருக்கையில் முதுகைக் கொடுத்து, ஹேண்டில்பாரைப் பற்றி, காலால் உந்திப் பின்னோக்கி நடக்கும் முறையொன்று பயிற்சி வகுப்புகளில் கற்பிக்கப்படுகிறது. முறை சிறந்ததே, தூக்கிய வேகத்தில் மறுபக்கம் சாய்ந்துவிடாதிருக்க முன்கூட்டியே சைட் ஸ்டாண்டை இறக்கிவைக்க வேண்டும் என்ற பின்குறிப்புதான் பலருக்கும் காலம் கடந்து நினைவுக்கு வருகிறது.

தனிப்பயணம் என்ற சொல்லாட்சியையும் எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டும். பார்க்வேயில் பெட்ரோல் நிலையம் கிடையாது. அதற்காகப் பக்கத்து ஊர்களில் இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கிய இடத்தில், குழாயை வண்டியில் செருகுவதற்குள், காரிலிருந்து ஒரு முதியவர் இறங்கி வந்து, தம்மிடமும் இதுபோல் ஒன்று இருந்ததென்று தொடங்குவார். இவ்வுரையாடலின் அமைப்பு எங்கும் மாறுவதில்லை: வண்டியின் பெயர், வாங்கிய ஆண்டு, அதில் சென்ற ஊர்கள், பின்னர் திருமணம், முதல் குழந்தை, விற்றது, இறுதியில், அதனை விற்றிருக்கக் கூடாது என்று, காரில் அமர்ந்திருக்கும் மனைவிக்குக் கேட்காத குரலில் ஒரு வாக்கியம். தனிமையைத் தேடிப் புறப்பட்டவர் நாளொன்றுக்கு இப்படிப் பல வரலாறுகளைக் கேட்டு முடிக்கிறார். சாலையிலோ, எதிரே வரும் ஒவ்வொரு மோட்டார் சைக்கிளோட்டிக்கும் இடக்கையைத் தாழ்த்தி நீட்டி வணக்கம் தெரிவிக்க வேண்டும் என்பது மரபு. வலக்கை ஆக்சிலரேட்டரையும் முன்பிரேக்கையும் பிடித்திருப்பதால் இடக்கையே இதற்கு ஒதுக்கப்பட்டுள்ளது. வளைவில் கையெடுக்க முடியாமல் வணக்கத்தைத் திருப்பிச் சொல்லத் தவறியவர், அடுத்த இருபது மைலுக்கு அந்த அந்நியர் தம்மைப் பற்றி என்ன நினைத்திருப்பார் என்று வருந்தி, அதற்குள் வந்துபோன செம்மேப்பிள்களைக் கவனிக்காது விட்டுவிடுகிறார்.

இவற்றுக்கும் மேலாக, செல்பேசி வழியே அவர் இருக்குமிடம் ஒரு நீலப் புள்ளியாகப் பிள்ளைகளின் திரையில் நகர்ந்துகொண்டிருக்கும். பார்க்வேயில் பல இடங்களில் சிக்னல் கிடைப்பதில்லை. வழியிலோ 26 சுரங்கப்பாதைகள். புள்ளி நாற்பது நிமிடம் அசையாது நின்றால், மூன்று மாநிலங்களில் வாழும் அப்பிள்ளைகள் ஒருவரையொருவர் அழைத்துக் கலந்தாலோசித்து, இறுதியில் தாயை அழைக்க, அவரோ தந்தை எங்கேனும் பேசிக்கொண்டு நிற்பார் என்று சொல்லி வைத்துவிடுவார். அந்த அம்மையாரின் கணிப்பு தவறியதாகத் தகவல் இல்லை. உண்மையான தனிமை கிடைக்கும் ஒரே இடம் ஹெல்மெட்டின் உட்புறம். வர்ஜீனியாவிலும் வட கரோலினாவிலும் அதனை அணிவது சட்டப்படி கட்டாயம் என்பதால், அத்தனிமைக்கு அரசின் பாதுகாப்பும் உண்டு. ஆயினும் உள்ளே உரத்த குரலில் பாடத் தொடங்கினால், குளிரில் மூச்சின் ஈரம் கண்ணாடியில் படிந்து வழி மறைந்துவிடும் என்பதால், கலைக்கும் உயிருக்கும் இடையே தேர்ந்தெடுக்க வேண்டியதாகிறது.

சாலையின் மிகச் சிறந்த பகுதி எது என்ற வினாவுக்கு, கிராண்ட்ஃபாதர் மலையின் பக்கவாட்டில் தொங்கும் லின் கோவ் பாலம் என்று விடையளிப்பதில் தயக்கமில்லை. மலையைக் குடைந்து கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக, முன்கூட்டியே வார்க்கப்பட்ட 153 கான்கிரீட் துண்டுகளை, கட்டி முடித்த பாலத்தின் மேலிருந்தே ஒவ்வொன்றாக நீட்டிப் பொருத்தி, 1,243 அடி நீளத்துக்கு அதனை அமைத்தனர். பார்க்வேயின் கடைசி இடைவெளியை நிரப்பியது அதுதான். வளைந்து வளைந்து செல்லும் அப்பாலத்தில், கீழே சிவப்பும் பொன்னும் கலந்த காடு விரியும் கணத்தில், ஓட்டுபவர் பார்க்க வேண்டியது காட்டை அன்று, முன்னே பிரேக் போடும் காரின் பின்விளக்கை. அழகைக் காண வந்தவருக்கு அழகே இடையூறு என்பதற்கு ஈரம் படிந்த இலைகளும் சான்று: கிளையில் இருக்கும் வரை கவிதை, டயருக்கு அடியில் வந்ததும் சோப்பு. இலையுதிர்காலம் மான்களின் இணைசேர் பருவமும் ஆதலால், அந்தி வேளையில் அவை சாலையைக் கடக்கும்போது இடமும் வலமும் பார்ப்பதில்லை. 2024 செப்டம்பர் இறுதியில் வீசிய ஹெலீன் புயலால் வட கரோலினாப் பகுதியில் மலைச்சரிவுகள் பெயர்ந்து சாலையின் நெடும்பகுதிகள் மூடப்பட்டதிலிருந்து, புறப்படும் முன் எவ்விடம் திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்வதும் அட்டவணையில் சேர்ந்துவிட்டது.

செரோக்கியில் பார்க்வே முடிந்த பின், வீடு திரும்பாமல் மேற்கே டீல்ஸ் கேப் வரை செல்வோரும் உண்டு. வட கரோலினாவும் டென்னஸியும் சந்திக்கும் அங்கே, டிராகனின் வால் எனப்படும் 11 மைல் சாலையில் 318 வளைவுகள் உள்ளன. கீழே விழுந்தவர்களின் வண்டி உதிரிகளைத் தொங்கவிட்டிருக்கும் மரமொன்றும் உள்ளது. அவமான மரம் என்று அதற்குப் பெயர். வளைவுகளில் அமர்ந்திருக்கும் படப்பிடிப்பாளர்கள் கடந்து செல்லும் ஒவ்வொருவரையும் படமெடுத்து விற்கின்றனர். பின்னால் இளைஞர் வரிசை ஒன்று பொறுமையிழந்து தொடர, வண்டியைத் தரையில் உரசும் அளவுக்குச் சாய்த்து ஓட்டியதாக நம்பிக்கொண்டு சென்ற ஓய்வூதியர், காசு கொடுத்து வாங்கிய படத்தில், வண்டி நட்ட கம்பம் போல நிற்க, பின்னணியில் உள்ள சாலை மட்டும் சாய்ந்திருப்பதைக் காண்கிறார். அப்படம் பிறகு யாருக்கும் காட்டப்படுவதில்லை.

காட்டப்படும் படங்களில் வண்டி முன்புறமாகவும், பக்கவாட்டிலும், பின்புறமாகவும் நிற்க, இலைகள் மூலையில் மங்கலாகத் தெரியும். அவற்றை வீட்டார் ஒருவாறு பார்த்து முடித்ததும், வாசலில் நிற்கும் செம்மேப்பிள் அவர் இல்லாத நாள்களில் தன் இலைகள் அனைத்தையும் புல்வெளியில் கொட்டிவிட்டது என்பதும், வீட்டுரிமையாளர் சங்கத்திலிருந்து அது குறித்து ஒரு கடிதம் வந்திருப்பதும் அவருக்குத் தெரிவிக்கப்படுகின்றன. மலைமேல் இதே மரத்தின் முன் வரிசையில் நின்று படமெடுத்தவர், இப்போது காதடைப்பானும் கையுறையும் மாட்டிக்கொண்டு, இலை ஊதும் கருவி எனப்படும் சிறு எஞ்சினை முதுகில் சுமந்து, அனைத்தையும் ஒரு மூலைக்கு ஒதுக்கி, காகிதப் பைகளில் அடைத்து, நகராட்சி வண்டி வருவதற்குள் தெருவோரம் வைத்தாக வேண்டும். நகராட்சி வண்டி வருவது செவ்வாய்க்கிழமை காலையில். ஆதலால் அடுத்த ஆண்டுப் பயணம் புதன்கிழமை தொடங்குவதாக முடிவாகிறது.