அளவுக்காரர்

தென்சீனத்துச் சாவ்சோ நகரில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது சரக்கு அல்ல, தேநீர்த் தட்டு. டயர் கடையோ, பூட்டுக் கடையோ, மருந்துக் கடையோ, அதில் வித்தியாசம் கிடையாது. தட்டின் மேல் கைவான் என்ற மூடிக்கிண்ணம், அதை ஒட்டி மூன்று சின்னக் கோப்பைகள், பக்கத்தில் கொதித்தபடியே இருக்கும் கெட்டில். பின்னால் ஒருவர் உட்கார்ந்திருப்பார். பெயர் வேண்டாம். தெருவுக்கு நாலு பேர் இப்படி இருக்கையில் ஒருவர் பெயரைச் சொல்லி மற்ற மூவரின் பொல்லாப்பைச் சம்பாதிப்பானேன்? அளவுக்காரர் என்று வைத்துக்கொள்வோம்.

மகன் எந்தப் படிப்பில் சேரலாம் என்று கேட்டால் "அவன் இஷ்டம்" என்பார். வீட்டுக்கு என்ன வண்ணம் அடிக்கலாம் என்றால் "அவள் இஷ்டம்". கிண்ணம் எத்தனை மில்லி என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவார் என்பது வேறு விஷயம்.

நகரத்தை ஒட்டியே ஃபெங்சி இருக்கிறது. பீங்கானுக்குப் பேர்போன இடம். அங்கே ஒரு கடையில் மெல்லிய சுவரும் வெளியே விரிந்த விளிம்புமாக வெள்ளை வெளேரென்று கிண்ணங்கள் அடுக்கடுக்காக இருக்கும். அளவுக்காரர் உள்ளே வருவதைப் பார்த்ததுமே கடைக்கார அம்மாள் ஒரு சொம்பு தண்ணீரை எடுத்து மேசைமேல் வைத்துவிடுவாள். அனுபவம்.

"இது எவ்வளவு?"

"நூற்றிருபது மில்லி."

"விளிம்பு வரைக்குமா, மூடி உட்காருகிற இடம் வரைக்குமா?"

பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். சட்டைப் பையிலிருந்து குட்டித் தராசு வெளியே வரும். ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம், கணக்கு சுலபம். விளிம்பு வரைக்கும் ஊற்றினால் 120. சரி. ஆனால் மூடி உட்காருவது விளிம்புக்குக் கீழே. அங்கே நிறுத்தினால் 95. அதையும் தாண்டி ஊற்றினால் கொதிநீர் விரலைப் பதம் பார்க்கும். பெருவிரலும் நடுவிரலும் விளிம்பில், ஆள்காட்டி விரல் மூடியின் குமிழில். பிடிக்கிற முறை அப்படி. இனி, ஃபீனிக்ஸ் மலையின் தான்சோங் ஊலாங் இலை 8 கிராம். முறுக்கிய நீள இலை, கிண்ணத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். முதல் ஊற்றில் அது குடிப்பது போக வெளியே வருவது ஏறக்குறைய 75. நகைக்கடையில் சேதாரத்துக்கு வாதாடுகிறவர் மாதிரி அவர் கடைக்காரியை ஏறிட்டுப் பார்ப்பார். "அப்போ நூற்றிருபது என்று ஏன் எழுதி வைத்திருக்கிறாய்?"

"நான் கிண்ணம் விற்கிறேன் ஐயா, தேநீர் விற்கவில்லை" என்பாள் அவள். அந்த 75-ஐ மூன்றால் வகுத்தால் கோப்பைக்கு 25 வரும் என்பதால் மட்டுமே அன்று சமாதானம் ஏற்படும்.

ஊலாங்கைச் சுவைத்துத் தரம் பார்க்கச் சீன அரசு நியமமே வகுத்திருக்கிறது: 110 மில்லி மூடிக்கிண்ணம், 5 கிராம் இலை. 110-ஐ அளவுக்காரர் ஒப்புக்கொள்வார். 5 கிராம் என்றதும் முகம் சுருங்கிவிடும். "அது பரிசோதனைக்கு. குடிக்க இல்லை."

ஒரு நாள் அந்தக் கடையில் வடக்கேயிருந்து வந்த மாணவன் ஒருவன் 200 மில்லி கிண்ணத்தைக் கையில் எடுத்துவிட்டான். பாவம், அவனுக்கு எப்படித் தெரியும்?

"தம்பி, வீட்டில் எத்தனை பேர்?"

"நான் ஒருத்தன்தான்."

"ஒருத்தனா! தேநீரை எவன் தனியாகக் குடிப்பான்?" பையனின் கையை வாங்கி விரித்துப் பார்த்தார். கல்யாண யோகம் சொல்லப்போகிறாரோ என்று அவன் விழித்தான். "விரல் எட்டாது. சூட்டோடு தூக்கிச் சாய்த்தால் மூடி ஒரு பக்கம், இலை ஒரு பக்கம். 110 எடு. ஆள் இல்லாத நாளைக்கு 60 ஒன்று. பண்டிகைக்கு 150."

ஒரு கிண்ணம் வாங்க வந்தவன் மூன்றோடு போனான். கடைக்காரி அளவுக்காரரை இதனால்தான் சகித்துக்கொள்கிறாள் என்பது என் ஊகம்.

செங்தூவைப் பற்றி மட்டும் அவரிடம் பேச்செடுக்கக் கூடாது. அங்கே மக்கள் பூங்காவில் மூங்கில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, பெரிய மூடிக்கிண்ணத்தில் மல்லிகைத் தேநீரைப் போட்டு, மூடியால் இலையை ஒதுக்கிவிட்டு அதிலேயே வாய்வைத்துக் குடிப்பார்கள். தண்ணீர் குறையக் குறைய ஊற்றிக்கொண்டு பொழுதைப் போக்குவார்கள். நடுவில் காது குடைந்துவிட ஆளும் வருவார். கிண்ணத்துக்கு அடித்தட்டு வந்ததே அந்த ஊரால்தான் என்று ஒரு பழங்கதை உண்டு: தாங் காலத்து ஆளுநர் சுய் நிங்கின் மகள் சூடு தாங்காமல், தட்டில் மெழுகு வளையம் வைத்துக் கோப்பையை அதில் நிறுத்தினாளாம். நம்மவருக்கு அது போதும். "விரல் சுட்டதற்குத் தட்டு கண்டுபிடித்த ஊர்! அளவைக் குறைத்திருக்கலாமே?"

அவர் வீட்டு அலமாரியில் 60-லிருந்து 180 வரை எல்லா அளவும் இருக்கின்றன. எடுப்பது எப்போதும் 110-தான். விருந்தாளி நாலு பேர் வந்தாலும் அதே கிண்ணம், அதே மூன்று கோப்பை. சாவ்சோ வழக்கம் அது. கோப்பைகளின் மேல் சுற்றிச் சுற்றி ஊற்றுவது குவான் கோங் நகர்வலம். கடைசிச் சொட்டுகளை ஒவ்வொன்றாகப் பங்கிடுவது ஹான் ஷின் படையெண்ணிக்கை. இரண்டு தளபதிகளும் வேலையை முடிக்கும்வரை நாலாவது ஆள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அவர் முறை வரும் நேரம் பார்த்துப் புதிதாக ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றுவார். புது விருந்தாளிக்குப் பழைய இலையா? கிண்ணம் காலியாகும், புது 8 கிராம் விழும், முதல் ஊற்று கழுவிக் கொட்டப்படும். "நீங்கள் முதலில்" என்று நாலாமவர் மரியாதைக்குச் சொல்ல, வந்தவர் தயங்காமல் எடுத்துக்கொள்வார்.

இப்படிக் காத்திருந்து கடைசியில் 25 மில்லியைப் பெற்ற ஒரு மனிதர், "அலமாரியில் இருக்கிற பெரிசை எடுத்தால் என்ன?" என்று ஒருமுறை கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவருக்கு வெந்நீர்தான். பெரிய டம்ளரில்.